தூக்கம் கேட்டேன், தணலை எடுத்தாள்

போன ஐப்பசியில் ஒரு வாரம். எங்கள் பிள்ளைக்கு அப்போது ஆறு மாதம். கண்ணை மூடுவாள், இரண்டு நிமிடம்கூட இருக்காது, இருமல் வந்து எழுப்பிவிடும். அழ ஆரம்பிப்பாள், அழுவதற்கு மூச்சு போதாது. பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பெரியவர்கள் வலித்தால் சொல்லிவிடுகிறோம். அவளுக்குச் சொல்லத் தெரியாது, பார்க்க மட்டும்தான் தெரியும். ஐந்து நாள் அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன் நான்.

அம்மனைக் கும்பிடுகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்குப் பாரமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதை மறைத்தால் அம்மன் செய்தது பாதிதான் தெரியும். எனவே மறைக்கப்போவதில்லை.

என் பெயர் சேகர். மலாய் நாட்டு மலையில், கோலா தெர்லா ஊரைத் தாண்டி கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில், மேட்டில் இருக்கிறது எங்கள் தோட்டம். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் எனக்கு வேலை. மலையிலிருந்து வருகிற பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவோம். என் மனைவி சரஸ்வதி கொழுந்து வெட்டப் போகிறவள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. ஒன்பது வருடமும் லயத்து வரிசை வீடுகளில் எங்களைக் கேட்காத கேள்வி இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க வருகிறவர்கள்கூட ஒரு கேள்வியையும் சேர்த்துத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். சரசு சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொள்வாள்.

போன சித்திரையில் யாழினி பிறந்தாள். பிறந்த பதினாறாம் நாள், தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று நான் ஒரு நேர்த்தி வைத்தேன். பிள்ளைக்கு ஒரு வயது நிறைகிற வரைக்கும், தினமும் சாயங்காலப் பூசை முடிந்ததும் கோயில் தணலைத் தூபக்காலில் எடுத்துக்கொண்டு போய், வீட்டில் தொட்டிலுக்குச் சாம்பிராணி போட்ட பிறகுதான் பிள்ளையைப் படுக்க வைப்பேன் என்று. யாரும் என்னை இப்படி நேர்ந்துகொள்ளச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். கோயிலிலிருந்து லயத்துக்கு இறங்க நாற்பது படி. ஷிப்ட் முடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடுவேன். பூசாரி அண்ணன் தணலை அள்ளிப் போட்டுக்கொண்டே, "பொண்ணு முழிச்சிக்கிட்டு இருக்காளாம், அப்பன் பார்சல் கொண்டாரணுமாம், ஓடு லா" என்பார்.

அதுவே பிள்ளையின் தூக்கத்துக்கும் வழியாகிவிட்டது. சரசு வெந்நீரில் துடைத்துவிடுவாள். துணி மாற்றுவாள். பால் கொடுப்பாள். நான் தணலோடு உள்ளே வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, தொட்டிலுக்கு அடியில் தூபக்காலை மூன்று சுற்றுச் சுற்றுவேன். தொட்டில் சேலையில் புகை ஏறும். பிறகு பிள்ளையைக் கிடத்தி ஆட்டுவேன். எனக்குத் தாலாட்டு வராது. பாடினால் பக்கத்து வீட்டில் நாய் குரைக்கும். அதனால் மலை ரோட்டில் இருக்கும் ஊர்ப் பெயர்களை ராகம் போட்டுச் சொல்வேன். ரிங்லெட்டில் ஆரம்பித்து, தானா ராத்தா, பிரிஞ்சாங், கோலா தெர்லா, கம்போங் ராஜா. கம்போங் ராஜாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை தூங்கிவிடுவாள். பஸ்ஸில் ஏறினவர்கள் எல்லாம் தூங்கிவிடுகிற மாதிரி. ஆறு மாதம் இப்படியே போனது. சாம்பிராணி வாசனை பட்டாலே கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவாள். "அம்மன் கொடுத்த பிள்ளை, அம்மன் வாசத்துல தூங்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை, பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. மழைக்காலம், ஊரில் பாதிப் பேருக்குச் சளி. நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை சளி நெஞ்சுக்கு இறங்கி இருமல் வந்துவிட்டது. கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த மிஸ்ஸி, நர்ஸம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், நெஞ்சைப் பார்த்தார், மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்தார், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொன்னார். மூச்சு வேகமானால், பால் குடிக்க முடியாவிட்டால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். "வீட்டுல யாராச்சும் சிகரெட் புடிக்கிறாங்களா?" என்று கேட்டார். "என் வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது மிஸ்ஸி" என்று பெருமையாகச் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அவர் எதற்காகக் கேட்டார் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சாம்பிராணியை நான் புகை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது பிரசாதம் மாதிரி. பிரசாதம் எப்படிக் கெடுதல் செய்யும்?

புதன் ராத்திரி அவள் தூங்கவில்லை. எனக்குப் பட்டது ஒன்றே ஒன்றுதான். சாம்பிராணி போட்டால் தூங்குகிற பிள்ளை தூங்கவில்லை என்றால் சாம்பிராணி போதவில்லை. வியாழக்கிழமை இரண்டு கரண்டி போட்டேன். குளிர் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல் இடுக்கில் துணி திணித்தேன். சரசு கதவோரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஒருநாள் வேணாமேங்க. அவ இருமுறா."

"நேர்த்திக்கடன் சரசு. நடுவுல நிறுத்துனா என்ன ஆகும் தெரியுமா?"

"நிறுத்தச் சொல்லல. இன்னிக்கு வேணாம்னுதான் சொல்றேன்."

"நீ வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு. உன் வாயாலதான் எல்லாம்."

இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் நான் அதுவரைக்கும் சொன்னதில்லை. ஒன்பது வருடம் ஊர் பேசியதைச் சிரித்துக்கொண்டே வாங்கியவள், நான் பேசியதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று ராத்திரியும் மூன்று பேரும் தூங்கவில்லை. ரிங்லெட்டுக்கும் கம்போங் ராஜாவுக்கும் எத்தனை தடவை போய்வந்தேனோ, பஸ்ஸில் ஒருத்தரும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பட்டினி கிடந்தேன். வேலை செய்யும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கோயிலில் எல்லோரும் போன பிறகு, அம்மன் முன்னால் விழுந்து அழுதேன். "ஆத்தா, எம் பிள்ளையத் தூங்க வை. என்கிட்ட இருக்குறது எது வேணும்னாலும் எடுத்துக்க. அவ தூங்கினாப் போதும்." இதுதான் நான் கேட்டது. வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அவள் வார்த்தை மாறாமல்தான் கேட்டுக்கொண்டாள்.

பூசாரி அண்ணன் தணலை நிறைய அள்ளிப் போட்டார். கோயிலை விட்டு இறங்கிப் பத்துப் படி வந்திருப்பேன். மேலே ஒரு தூறல்கூட இல்லாமல் இருந்தது, சட்டென்று கொட்டியது மழை. வாளியால் ஊற்றுகிற மாதிரி. உடம்பை வளைத்துத் தூபக்காலை மறைத்தேன். சட்டையைக் கழற்றி மேலே பிடித்தேன். "உஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கரி மிதந்தது. திரும்பி மேலே ஓடினேன். அண்ணன் கோயில் அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பின்பக்கமாகக் கிளம்பிவிட்டிருந்தார். ஆறு மாதத்தில் முதல்முறையாக என் கையில் தணல் இல்லை.

அந்தப் படியில் நனைந்துகொண்டு நின்று நான் அம்மனைத் திட்டினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. "பட்டினி கிடந்து கேட்டேனே, இதுதானா உன் பதிலு" என்று கத்தினேன். வெறும் தூபக்காலோடு வீட்டுக்குப் போய், நேர்த்தி தவறிவிட்டது, இனி என்ன நடக்குமோ என்று மூலையில் உட்கார்ந்துவிட்டேன். சரசு ஜன்னல் இடுக்கில் இருந்த துணியை எடுத்துவிட்டு, பிள்ளையைத் துடைத்து, மூக்குக்குச் சொட்டு விட்டு, தோளில் போட்டு நடந்தாள்.

பிள்ளை தூங்கினாள். தோளில் கொஞ்ச நேரம், பிறகு தொட்டிலில் மூன்று மணி நேரம் ஒரே மூச்சாக. எழுந்து பால் குடித்துவிட்டு மறுபடியும் தூங்கினாள். நாங்களும் தூங்கிவிட்டோம். காலையில் சரசு, "மருந்து புடிச்சிருச்சு போல" என்றாள். "அசதில தூங்கியிருப்பா" என்றேன் நான். உண்மைக் காரணம் இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டது கையில் வந்து சேர்ந்திருந்தது, எனக்கோ நேர்த்தி தவறிய பயம்தான் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலமும் தூறல். நான் முன்யோசனையோடு போனேன். தூபக்காலுக்குத் தகர மூடி. பெரிய குடை. தவறிய நாளுக்கும் சேர்த்து இரண்டு பங்கு தணல், மூன்று கரண்டி சாம்பிராணி. பூசாரி அண்ணன் தணலை அள்ளும்போது, "என்னா தம்பி, கல்யாண வீட்டுக்கா கொண்டு போற?" என்று கேட்டார். ஒரு துளி படாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்தேன். அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினேன். அவள் கண்ணைக் கசக்கவில்லை. இருமினாள். இருமல் நின்றபோது மூச்சு திரும்பி வரச் சிரமப்பட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவில் சதை உள்ளே போய்ப் போய் வந்தது. சரசு பால் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு விட்டுவிட்டாள். உதடு ஒரு மாதிரி வெளுத்துத் தெரிந்தது.

"தூக்குங்க" என்றாள் சரசு. "போலாம். இப்பவே."

என் மோட்டார் சைக்கிளில் மழையில் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. லயத்து முனையில் பாலா அண்ணன் லோரி நின்றது. கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிப் போகிறவர், அன்றைக்கும் சரக்கோடு கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"சரக்கு கெட்டுருமே அண்ணே."

"ஏறு லா. முட்டைக்கோசு எங்கயும் ஓடிப் போயிராது."

பனி ரோட்டை மூடியிருந்தது. பிரிஞ்சாங் பக்கம் சனிக்கிழமைக் கூட்டம், கார்கள் நகரவில்லை. சரசு சத்தம் இல்லாமல் அழுதுகொண்டே வந்தாள். பாலா அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "தங்கச்சி, அழுவாத. நீ அழுவுற மூச்சுக்குக் கண்ணாடில பனி புடிக்குது, எனக்கு வழி தெரியணும்ல" என்றார். அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். பிறகு அவர் ஹார்னில் கைவைத்தார், எடுக்கவே இல்லை. சுற்றுலா வந்தவர்கள் திட்டியிருப்பார்கள். ஆனால் வழிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உடனே பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். மூக்கில் சின்னக் குழாய் வைத்தார்கள். வயதான மலாய் மிஸ்ஸி ஒருவர் பிள்ளையைச் சுற்றியிருந்த சால்வையை எடுத்தார், எடுத்தவர் அப்படியே நின்று முகர்ந்து பார்த்தார். மலாயில்தான் கேட்டார்.

"இதுல என்ன வாசனை?"

"சாம்பிராணி மிஸ்ஸி. சாமிக்குப் போடுறது."

"சாமி வீட்டுலயா, இவ ரூம்லயா?"

"இவ தொட்டிலுக்கு அடியில."

"தினமுமா? ஜன்னல் திறந்தா, மூடியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சால்வையை ஒரு பையில் போட்டுக் கட்டி, "இத வெளிய வச்சிருங்க. நீங்களும் சட்டைய மாத்திட்டு வாங்க, அப்புறம் பிள்ளையைத் தொடலாம்" என்றார். டாக்டர் வந்து பொறுமையாக விளக்கினார். நோய் சளிக் கிருமியால் வந்தது, அது உங்கள் தப்பில்லை, இந்த வயதில் மூச்சுக்குழாய் வைக்கோல் துண்டு அளவுதான், அதுவும் வீங்கிக் கிடக்கிறது, அதற்குள் புகையும் போனால் பிள்ளை எப்படி மூச்சு விடும் என்றார். நாளைக்குள் குறையவில்லை என்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், மூச்சுக்கு இயந்திரம் வைக்க வேண்டிவரலாம் என்றும் சொன்னார்.

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பாலா அண்ணன் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு வேலை நினைவு வந்தது. எங்கள் வாட்டுப் பகுதியில் யாரும் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது. வாடுகிற கொழுந்து பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு பீடிப் புகை போதும், ஒரு தொட்டிக் கொழுந்தும் நாறிவிடும். புதிதாக வருகிற பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். "இலை மூச்சு விடுதுடா, அதுக்குப் புகை ஆகாது" என்று பதினாலு வருடமாகச் சொல்கிறேன். இலைக்குத் தெரிந்தது எனக்குப் பிள்ளை விஷயத்தில் தெரியவில்லை.

பிறகு வெள்ளிக்கிழமை நினைவு வந்தது. கழுத்தில் யாரோ கைவைத்துத் திருப்பிய மாதிரி இருந்தது. என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பிள்ளை தூங்கினால் போதும் என்று கேட்டேன். பத்துப் படி இறங்குவதற்குள் எடுத்துக்கொண்டாள். உயிரை எடுக்கவில்லை, வேலையை எடுக்கவில்லை, என் கையில் இருந்த தணலை எடுத்தாள். பிள்ளை தூங்கினாள். மழையே அவள்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மழையையே திட்டினேன்.

அந்தப் பெஞ்சிலேயே கும்பிட்டேன். "ஆத்தா, நீ மழையா வந்து சொன்ன. நான் மறுநாள் குடை புடிச்சிக்கிட்டு வந்தேன். எனக்குப் புத்தி இல்ல. என் புத்திக்கு அவளத் தண்டிக்காத." வேறு ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. நேர்ந்துகொள்ளவே பயமாக இருந்தது.

உள்ளே போய்ச் சரசு பக்கத்தில் நின்றேன். "நீ சொன்ன. நான்தான் கேக்கல" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையின் காலில் இருந்து கையை எடுக்காமல், "இந்தக் காலைப் புடிங்க. ஜில்லுனு இருக்கு. ஆளுக்கு ஒரு காலாப் புடிச்சிக்குவோம்" என்றாள். இரண்டு பேரும் விடிகிற வரைக்கும் ஆளுக்கு ஒரு காலைக் கைக்குள் வைத்துச் சூடு கொடுத்துக்கொண்டு நின்றோம். அவள் என்னை மன்னித்தது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்து, இன்னும் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்றார். ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். அந்த வயதான மிஸ்ஸி மூக்கைச் சுத்தம் செய்துவிட்டு, "வீட்டுல எப்படித் தூங்க வைப்பீங்களோ, அதே மாதிரி செய்யுங்க. புகைய மட்டும் விட்டுட்டு" என்றார். "அது இல்லாம தூங்க மாட்டா மிஸ்ஸி" என்றேன். "யாரு சொன்னது, அவளா?" என்று கேட்டார். "புள்ளைக்கு வாசனை முக்கியமில்ல. இதுக்கு அப்புறம் இது, அதுக்கு அப்புறம் தூக்கம்னு வரிசை தெரிஞ்சாப் போதும். நோவுல எல்லாம் மாறிப் போயிருக்கும்போது அந்த வரிசை மாறாம இருந்தா அதுக்குத் தைரியம்."

சரசு வெந்நீர்த் துணியால் முகத்தையும் கையையும் துடைத்தாள். துணி மாற்றினாள். பாலைக் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்திக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தோம். பிறகு மல்லாக்கக் கிடத்தினோம். ஆட்டுவதற்குத் தொட்டில் இல்லை. நான் குனிந்து, ரிங்லெட் என்றேன். சுற்றிலும் ஆட்கள், வெட்கமாகத்தான் இருந்தது. தானா ராத்தா என்றேன். பக்கத்துப் படுக்கைச் சீனத்தி அம்மாள் திரும்பிப் பார்த்தார். பிரிஞ்சாங் என்றேன். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோலா தெர்லா என்று இழுத்தேன். கண் சொருகியது.

கம்போங் ராஜாவுக்கு நான் போகவில்லை.

மணி ஒன்றேகால். நின்ற இடத்தில் நின்று அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். விலாவுக்கு நடுவில் இழுப்பது மெல்லக் குறைந்தது. இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். எழுப்பாமலே பார்த்தார். கருவியில் ஓடிய எண்ணைப் பார்த்தார். "வண்டி வேணாம்" என்றார். மிஸ்ஸி போகிற போக்கில் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நாலரை மணி வரைக்கும் பிள்ளை தூங்கினாள். மருந்தும் காற்றும் அவர்கள் கொடுத்தது. அவர்கள் கையில் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தோம். சரசு தொட்டில் சேலை, திரைத்துணி, போர்வை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள். சளி முழுக்கப் போகிற வரைக்கும் தொட்டில் வேண்டாம், மூச்சு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தட்டையான மெத்தையில் படுக்கவையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தோம். நடுவில் எழுந்து அழுதால் தூக்கினோம், கெட்ட பழக்கம் வந்துவிடுமே என்று பார்க்கவில்லை. நோய் தெளிந்ததும் பழைய ஒழுங்குக்கு அவளே ஒரு வாரத்தில் வந்துவிட்டாள்.

கோயிலுக்குப் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. வியாழக்கிழமை பூசாரி அண்ணனே படியிறங்கி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னும் அஞ்சரை மாசம் நேர்த்தி பாக்கி அண்ணே. நிறுத்துனா தப்பு, போட்டாலும் தப்பு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ சாம்பிராணி நேர்ந்தது யாருக்கு?"

"அம்மனுக்கு."

"அப்ப அம்மனுக்குப் போடு. அவளுக்கு மூக்கு இல்லையா? உன் பொண்ணு மூக்கு வழியாத்தான் அவளுக்குப் போய்ச் சேரணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. "முட்டாப்பயலே" என்று சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்திருந்த திருநீற்றைச் சரசுவிடம் கொடுத்தார். "ஊதாத தாயீ, விரல்ல தொட்டு ஓரமா வச்சி விடு. இவன்கிட்ட குடுத்துராத, இவன் அதையும் மூணு கரண்டி போடுவான்."

அன்றிலிருந்து கோயில் வாசலில், திறந்தவெளியில் நின்று என் கையால் சாம்பிராணி போடுகிறேன். போட்டுவிட்டுக் குழாயடியில் கைகால் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போகிறேன். எனக்குத் தெரிந்தவரை அதற்குப் பிறகு என் நேர்த்தி ஒருநாளும் தவறவில்லை. சாம்பிராணி போட்டதும் பூசாரி அண்ணன் மணி அடிப்பார். அது கீழே வீட்டில் கேட்கும். சரசு பிள்ளையைத் துடைக்க ஆரம்பிப்பாள். இப்போது மணிச்சத்தம் கேட்டாலே பிள்ளைக்குக் கண் சொக்குகிறது.

என்னிடம் மாறியது இன்னும் சில உண்டு. கைப்பிள்ளை இருக்கிற வீடுகளுக்குப் போய், தொட்டில் இருக்கும் அறையில் புகை வேண்டாம் என்று சொல்லிவருகிறேன். முதலில் சிரித்தார்கள். "சரஸ்வதி எழுதிக் குடுத்து அனுப்புனாளா சேகரு?" என்று கேட்டாள் ஒருத்தி. "ஆமா, நல்லா எழுதியிருக்கா, கேளு" என்றேன். முன்பென்றால் கோபம் வந்திருக்கும். சரசு ஒன்று சொன்னால் இப்போது நான் உடனே பதில் பேசுவதில்லை. ஆத்தா கோயிலில் மட்டும்தான் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். அந்த வியாழக்கிழமை கதவோரம் நின்று "இன்னிக்கு ஒருநாள் வேணாமேங்க" என்று சொன்ன குரல் யாருடையது என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

உங்கள் வீட்டில் பிள்ளை நோயில் கிடந்து தூங்காமல் இருந்தால், அம்மனிடம் போய் அழுங்கள். வெட்கப்பட வேண்டாம், திட்டக்கூடச் செய்யலாம், அவள் தாங்குவாள். ஆனால் அழுதுவிட்டு அதே காலோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். மிஸ்ஸி கேட்கிற கேள்விக்கு, கேட்காததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டது நீங்கள் நினைத்த மாதிரி வராமல் வேறு மாதிரி வந்தால், கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். அவள் கேட்டுக்கொள்கிறாள். இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன்.

வருகிற சித்திரையில் யாழினிக்கு ஒரு வயது நிறைகிறது. தோட்டத்துக் கோயிலில் முடி இறக்கிப் பொங்கல் வைக்கிறோம். இதைப் படிக்கிற எல்லாரும் வரலாம். கைப்பிள்ளை இருப்பவர்கள் பிள்ளையோடு வாருங்கள், நோயில் இருக்கிற பிள்ளைக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமென்றால் பெயரைச் சொல்லுங்கள், எங்கள் வாயாலும் கேட்கிறோம். சாப்பாடு உண்டு. பாலா அண்ணன் முட்டைக்கோசு தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் கூட்டு நிச்சயம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மணிக்கு மேல் பிள்ளை தூங்குவாள். அந்த நேரத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.